அலுவலகக் கணினிகளில் குரூப் பாலிசி ரீசெட்: எந்த நிலைமைக்கு எந்த வழி?

குரூப் பாலிசியை, அதாவது நிர்வாகி விண்டோஸ் கணினிகளுக்கு வைக்கும் விதிகளை, எப்படி ரீசெட் செய்வது என்ற கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. அலுவலகத்தில் முப்பது நாற்பது கணினிகள். முன்பு அவற்றைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு கணினியில் ‘சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற வரி நிற்கிறது, அதன் கீழுள்ள பொத்தான்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கின்றன. இன்னொன்றில் கன்ட்ரோல் பேனலே திறக்க மறுக்கிறது. எதை, யார், எதற்காக வைத்தார் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. பேசாமல் எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. தேடிப் பார்த்தால் ஏழெட்டு வழிகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ‘இதுதான் ரீசெட்’ என்று சொல்லும்.

அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைத் தொடுகின்றன. ஒரு அமைப்பு எங்கிருந்து வருகிறதோ அங்கே போய் எடுத்தால்தான் அது போகும். வேறு இடத்தில் எவ்வளவு அழித்தாலும் அது போகாது, போதாக்குறைக்கு அங்கே ஒழுங்காக இருந்தவையும் சேர்ந்து அழிந்துவிடும். இந்தக் கட்டுரையில் வழிகளை அந்தக் கண்ணோடுதான் எடைபோடப் போகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

மூலம் எங்கே? குரூப் பாலிசி ஒரு வரிசையில் கணினிக்குள் வருகிறது: முதலில் அந்தக் கணினியிலேயே உள்ள லோக்கல் பாலிசி, அடுத்து சைட் (கணினி இருக்கும் வலையமைப்புப் பகுதி), அடுத்து டொமைன் (கணினிகளையும் பயனர்களையும் சர்வரிலிருந்து ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு), கடைசியில் ஓயு (டொமைனுக்குள் அவற்றைப் பிரித்து வைக்கும் உட்பிரிவு). பின்னால் வருவது முன்னால் வந்ததை மிஞ்சும். டொமைன் இல்லாத அலுவலகமாக இருந்தால் லோக்கல் மட்டும்தான், கதை எளிது. டொமைன் இருந்தால், லோக்கலில் நீங்கள் வைப்பதும் மேலிருந்து வருவதும் மோதும் இடத்தில் மேலிருந்து வருவதே வெல்லும்.

திரும்பி வர வழி உண்டா? நாளைக் காலை ஏதாவது ஒரு மென்பொருள் ஓடவில்லை என்றால், நேற்று இருந்த நிலைக்குப் போக முடியுமா?

தழும்பு மிஞ்சுமா? சில அமைப்புகள் பாலிசியை எடுத்த உடனே தானாக விலகிக்கொள்ளும். சில பச்சை குத்தியது போலத் தங்கிவிடும்.

இடைப்பட்ட நேரத்தில் என்ன திறந்து கிடக்கும்? பென்டிரைவ் தடை, திரைப்பூட்டு, ஃபயர்வால் விதிகள் ஆகியவையும் இதே பாலிசி வழியாகத்தான் வந்திருக்கும்.

எத்தனை கணினி, எத்தனை முறை எழுந்து போக வேண்டும்? ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் நாற்பதுக்கு ஒரு வேலைநாள் போய்விடும்.

இந்த ஐந்தில் முதலாவதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதைக் கண்டுபிடிக்க விண்டோஸிலேயே கருவி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, ஜிபிரிசல்ட் கட்டளையை எச்டிஎம்எல் அறிக்கை கேட்டு ஓட்டுங்கள். அட்மினாகத் திறக்காவிட்டால் கணினிப் பகுதி அறிக்கையில் வராது, பயனர் பகுதி மட்டும் வரும். பலர் அரை அறிக்கையை வைத்துக்கொண்டு குழம்புவது இதனால்தான். பிரவுசரில் அந்தக் கோப்பைத் திறந்து அமைப்புகள் பகுதியை விரித்தால், ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் ‘வின்னிங் ஜிபிஓ’ என்ற பத்தி இருக்கும். அந்த அமைப்பை இறுதியாக வைத்தது எந்த ஜிபிஓ (ஒரே பெயரின் கீழ் சேர்த்து வைத்த பாலிசித் தொகுப்பு) என்று அங்கே பெயரோடு எழுதியிருக்கும். லோக்கல் பாலிசி என்றிருந்தால் கணினியிலேயே வேலை. வேறு பெயர் என்றால் டொமைன் பக்கம் போக வேண்டும். அறிக்கையிலேயே இல்லாமல் தடை மட்டும் இருந்தால், யாரோ ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளம்) நேரடியாக எழுதியிருக்கிறார்கள், அல்லது பழைய பாலிசியின் தழும்பு, அல்லது இன்ட்யூன் போன்ற வேறு நிர்வாகக் கருவி.

நான் இந்த அறிக்கையைப் பார்க்காமல் ஒருமுறை பதினோரு கணினிகளில் லோக்கல் பாலிசியை அழித்தேன். பென்டிரைவ் தடையை எடுப்பதுதான் நோக்கம். அழித்தேன், புதுப்பித்தேன், பென்டிரைவைச் செருகினேன், அதே மறுப்பு. அறிக்கை எடுத்துப் பார்த்தபோது அந்தத் தடை டொமைனிலும் இல்லை, நான் துருவிக்கொண்டிருந்த ஓயுவிலும் இல்லை, சைட்டில் இணைத்த ஒரு ஜிபிஓவில் இருந்தது. சைட் இணைப்புகள் குரூப் பாலிசி மேலாண்மைத் திரையில் தனி இடத்தில் இருப்பதால் கண்ணில் படவே இல்லை. அந்தப் பதினோரு கணினிகளில் லோக்கலாக இருந்த தொடக்க ஸ்கிரிப்டுகள் போனதுதான் மிச்சம். அன்றிலிருந்து அறிக்கை இல்லாமல் எதையும் தொடுவதில்லை.

## வழி 1: வெறும் புதுப்பிப்பு

பாலிசியைப் புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் கட்டளை ரீசெட்டே அல்ல. ஆனாலும் பல நேரம் இதுவே போதும் என்பதால் முதலில் வைக்கிறேன். சாதாரணக் கணினிகள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, கூடவே 0 முதல் 30 நிமிடம் வரை தற்செயலான தாமதத்தோடு, பாலிசியைப் புதுப்பித்துக்கொள்ளும். டொமைனை நடத்தும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்கள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. சும்மா ஓட்டினால் மாறிய பாலிசிகளை மட்டும் எடுக்கும், ஃபோர்ஸ் சேர்த்தால் எல்லாவற்றையும் மறுபடி எழுதும்.

டொமைனில் மாற்றம் செய்துவிட்டு ‘இன்னும் வரவில்லையே’ என்று தவிக்கும்போது இது சரியான வழி. மறைவான செலவு ஒன்று உண்டு. கோப்புறைத் திசைமாற்றம், மென்பொருள் நிறுவல் போன்றவை லாகின் அல்லது தொடக்கத்தின்போதுதான் நடக்கும். அவை இருந்தால் ஃபோர்ஸ் ஓட்டியதும் ‘லாக்ஆஃப் செய்யலாமா’ என்று கேட்கும். வேலை நடுவே யாராவது ‘ஆம்’ என்று தட்டிவிட்டால் சேமிக்காத வேலை போகும்.

## வழி 2: ஒவ்வொன்றாக ‘நாட் கான்ஃபிகர்டு’

லோக்கல் பாலிசியைத் திருத்தும் கருவியான ஜிபிஎடிட்டில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸுக்குள் ‘ஆல் செட்டிங்ஸ்’ என்று ஒரு கிளை உண்டு. அதைத் திறந்து ‘ஸ்டேட்’ என்ற பத்தித் தலைப்பில் ஒரு கிளிக் செய்தால் மாற்றப்பட்டவை எல்லாம் ஒன்றாகத் திரண்டு வரும். கணினிப் பகுதியில் ஒருமுறை, பயனர் பகுதியில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. ரீசெட் செய்வதாக நினைத்து ‘டிசேபிள்டு’ வைத்துவிடுகிறார்கள். டிசேபிள்டு என்பது எதிர்ப்பக்கத்துக் கட்டளை, அதுவும் ஒரு பாலிசிதான். பல பாலிசிகளின் பெயரிலேயே ‘தடு’, ‘நீக்கு’ என்று இருக்கும். அவற்றில் டிசேபிள்டு என்பது ‘கட்டாயம் அனுமதி’ என்று ஆகிவிடும். கை எடுப்பதற்கு நாட் கான்ஃபிகர்டு மட்டும்தான்.

இது மெதுவானது. ஆனால் ஐந்தாறு அமைப்புகள்தான் என்றால் இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது, ஏனென்றால் எதை எடுத்தோம் என்பது கண்ணெதிரே இருக்கிறது. ஒரு தாளில் எழுதிக்கொண்டே போகலாம். அந்தத் தாள்தான் அந்தக் கணினியின் முதல் ஆவணமாக இருக்கும். குறைகள் இரண்டு: பாதுகாப்பு அமைப்புகள் இந்தப் பட்டியலில் வராது, ஹோம் பதிப்பில் ஜிபிஎடிட்டே இல்லை.

## வழி 3: லோக்கல் பாலிசி கோப்புறைகளை அழிப்பது

தேடினால் முதலில் கிடைப்பது இதுதான். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் மறைத்து வைக்கப்பட்ட குரூப்பாலிசி, குரூப்பாலிசியூசர்ஸ் என்ற இரண்டு கோப்புறைகள். இரண்டையும் அழித்து, ஃபோர்ஸோடு புதுப்பித்து, மறுதொடக்கம் செய்தால் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ் அத்தனையும் ஒரேயடியாக வெறுமையாகும்.

டொமைன் இல்லாத, நூறு அமைப்புகள் குவிந்து கிடக்கும் கணினிக்கு இது நல்ல வழி. ஹோம் பதிப்பிலும் வேலை செய்யும். இன்னொரு நிலைமைக்கு இதுவே சரியான மருந்து: நிகழ்வுப் பதிவில் 1096 என்ற எண்ணோடு, லோக்கல் பாலிசியின் ரெஜிஸ்ட்ரி அமைப்புகளைச் செயல்படுத்த முடியவில்லை என்று பிழை வந்தால், ரெஜிஸ்ட்ரி.பிஓஎல் கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அப்போது முழுக் கோப்புறையைத் தொட வேண்டியதில்லை. மெஷின் கோப்புறைக்குள் இருக்கும் அந்த ஒரு கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுப் புதுப்பித்தால் போதும்.

மறைவான செலவுகளைக் கவனியுங்கள். லோக்கலாக வைத்த தொடக்க, லாகின் ஸ்கிரிப்டுகளும் அதே குரூப்பாலிசி கோப்புறைக்குள்தான் இருக்கின்றன. பிரிண்டர் இணைப்பதோ, பகிர்வு டிரைவ் காட்டுவதோ அந்த ஸ்கிரிப்ட் வழியாக நடந்துகொண்டிருந்தால் அதுவும் போகும். விண்டோஸ் அப்டேட்களை அலுவலகத்துக்குள்ளேயே வழங்கும் டபிள்யூசஸ் சர்வர் வைத்து, அதன் முகவரியை லோக்கல் பாலிசியில் எழுதியிருந்தால், முகவரி அழிந்த பிறகு ஒவ்வொரு கணினியும் நேராக இணையத்திலிருந்து அப்டேட் இறக்கத் தொடங்கும். மறுநாள் இணையம் ஏன் ஊர்கிறது என்று யாருக்கும் புரியாது.

ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உட்கார்ந்து இதைச் செய்கிறீர்களா? அந்த ரிமோட் டெஸ்க்டாப் அனுமதியே லோக்கல் பாலிசியில் இருந்திருந்தால், உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டியது போல ஆகும். மறுதொடக்கத்துக்குப் பிறகு உள்ளே நுழைய முடியாது, நேரில் போகத்தான் வேண்டும்.

அதனால் அழிக்காமல் பெயரை மாற்றுங்கள், அல்லது நகல் எடுத்து வைத்துவிட்டு அழியுங்கள். மைக்ரோசாஃப்டின் செக்யூரிட்டி கம்ப்ளையன்ஸ் டூல்கிட்டில் வரும் எல்ஜிபிஓ கருவி லோக்கல் பாலிசியை பேக்கப் எடுக்கும், அதே பேக்கப்பைத் திரும்ப ஏற்றவும் செய்யும். இலவசம்தான், நிறுவவும் வேண்டியதில்லை. ஒரு கணினியில் சரியாக அமைத்து, அதன் பேக்கப்பை மற்றவற்றில் ஏற்றினால் டொமைன் இல்லாத அலுவலகத்திலும் எல்லாக் கணினிகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரலாம். சிறிய அலுவலகங்களுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான்.

## வழி 4: செக்எடிட் கொண்டு பாதுகாப்பு அமைப்புகளை மீட்பது

கடவுச்சொல் விதி, பயனர் உரிமைகள், தணிக்கை போன்றவை வழி 3-இல் அழியாது. அவை வேறு தரவுத்தளத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு செக்எடிட் கட்டளையை, விண்டோஸோடு வரும் டெஃப்எல்ட்பேஸ் என்ற வார்ப்புருவைக் கொடுத்து ஓட்ட வேண்டும்.

இதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். முதலாவது, பெயர் ‘டிஃபால்ட்’ என்று இருந்தாலும் இது புதிதாக நிறுவிய விண்டோஸின் நிலையைக் கொடுக்காது. விஸ்டாவிலிருந்து பல பாதுகாப்பு இயல்புநிலைகள் இந்த வார்ப்புருவுக்கு வெளியே, விண்டோஸின் வெவ்வேறு கூறுகளோடு சேர்ந்து வருகின்றன. இரண்டாவது, மென்பொருள்கள் நிறுவப்படும்போது தங்கள் சேவைக் கணக்குகளுக்குச் சில உரிமைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும். டேட்டாபேஸ் சேவை, பேக்கப் சேவை எல்லாம் அப்படித்தான். வார்ப்புரு அந்த உரிமைகளைப் பழைய பட்டியலுக்குக் கொண்டுபோய்விடும். சேவை அப்போதே நிற்காது. அடுத்த மறுதொடக்கத்தில் லாகின் உரிமை இல்லை என்று விழும். அப்போது காரணத்தை இந்தக் கட்டளையோடு இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

மூன்றாவது, பின்வாங்க எளிய வழி இல்லை. செக்எடிட்டிலேயே ரோல்பேக் வார்ப்புரு உருவாக்கும் வசதி உண்டு, அதை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். அதுவும் கோப்பு, ரெஜிஸ்ட்ரி அனுமதிகளை மீட்காது.

சரி, எப்போது இது நல்ல தேர்வு? டொமைன் இல்லாத கணினியில் யாரோ பயனர் உரிமைகளை அலங்கோலம் செய்து, எது எப்படி இருந்தது என்று தெரியாமல், ஆனால் கணினியை முழுதாக அழிக்கவும் முடியாமல் இருக்கும்போது. முழு இமேஜ் பேக்கப் கையில் இருக்க வேண்டும். சர்வரில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

## வழி 5: டொமைன் பக்கத்தில் எடுப்பது

ஜிபிரிசல்ட் அறிக்கை ஒரு டொமைன் ஜிபிஓவின் பெயரைக் காட்டினால் உங்கள் வேலை இங்கேதான். கணினிகளில் நடந்து திரிய வேண்டியதே இல்லை, அதுதான் இதன் பெரிய பலம்.

இதற்குள்ளும் பல படிகள் உண்டு. மிக மென்மையானது, ஜிபிஓவை அழிக்காமல் அதன் இணைப்பை மட்டும் செயலிழக்கச் செய்வது. தப்பு நடந்தால் ஒரு கிளிக்கில் திரும்பலாம். அடுத்தது, அந்த ஜிபிஓவுக்குள் குறிப்பிட்ட அமைப்பை மட்டும் நாட் கான்ஃபிகர்டு ஆக்குவது. அழிப்பது கடைசி. அழித்த ஜிபிஓவை பேக்கப்பிலிருந்து மீட்டாலும் அது எங்கெங்கே இணைக்கப்பட்டிருந்தது என்பது தானாகத் திரும்பாது, இணைப்புகளை நீங்களே கையால் போட வேண்டும். எனவே பேக்கப்போடு சேர்த்து இணைப்புகளின் பட்டியலையும் எழுதி வையுங்கள்.

சந்தேகமாக இருந்தால் நான் செய்வது இது. இன்ஹெரிட்டன்ஸ் தடுத்த ஒரு காலி ஓயு உருவாக்கி, ஒரே ஒரு கணினியை அதற்குள் நகர்த்தி, மறுதொடக்கம் செய்து, இரண்டு நாள் விட்டுப் பார்ப்பேன். அந்தக் கணினியில் சிக்கல் தீர்ந்தால் குற்றவாளி மேலிருந்து வரும் பாலிசிதான் என்று உறுதி. ஆனால் ‘என்ஃபோர்ஸ்டு’ என்று குறித்த இணைப்புகள் இந்தத் தடையைத் தாண்டி வரும். பயனர் அமைப்புகள் கணினியோடு நகராது, பயனரின் ஓயுவிலிருந்தே வரும். லோக்கல் பாலிசியும் அப்படியே இருக்கும்.

இப்போது தழும்புக்கு வருவோம், டொமைன் பக்கத்தில் பலர் ஏமாறும் இடம் இது. அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ் பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரியில் ‘பாலிசீஸ்’ என்ற தனிக் கிளைகளுக்குள் எழுதுவதால், ஜிபிஓ விலகியதும் அவையும் சுத்தமாகப் போய்விடும். பாதுகாப்பு அமைப்புகள் அப்படியல்ல. பாலிசி வருவதற்கு முன்பிருந்த மதிப்பு கணினியின் பாதுகாப்புத் தரவுத்தளத்தில் இருந்தால் அதற்குத் திரும்பும். இல்லையென்றால் பாலிசி வைத்த மதிப்பே நிலைத்துவிடும். பாலிசி வழியாக வைத்த ரெஜிஸ்ட்ரி, கோப்பு அனுமதிகள் வேறு மதிப்பு வைக்கும்வரை அப்படியே இருக்கும். அவற்றுக்கு இணைப்பை எடுப்பது போதாது. நீங்கள் விரும்பும் மதிப்பை எழுதிய இன்னொரு ஜிபிஓவைக் கொஞ்ச நாள் ஓடவிட வேண்டும்.

பிரிஃபரன்ஸஸ் இன்னொரு வகை. டிரைவ் மேப்பிங், டெஸ்க்டாப் ஷார்ட்கட், லோக்கல் குழுவில் சேர்த்த பயனர் எல்லாம் அதில் வரும். ஜிபிஓ போனாலும் அவை போகாது. ஒவ்வொரு உருப்படியின் ‘காமன்’ தாவலிலும் ‘இனி பொருந்தாதபோது இதை நீக்கு’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் மட்டும் போகும். வரிசை இங்கே முக்கியம்: முதலில் டிக் போட்டு, எல்லாக் கணினிகளும் அதைப் பெற்றுக்கொள்ளும்வரை காத்திருந்து, அப்புறம்தான் இணைப்பை எடுக்க வேண்டும். இணைப்பை எடுத்துவிட்டு டிக் போட்டால் அந்தச் செய்தி கணினிகளுக்குப் போய்ச் சேரவே சேராது. டிக் போட்டதும் செயல் ‘ரீப்ளேஸ்’ என்று மாறும். அதாவது ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அழித்து மறுபடி உருவாக்கும். டிரைவ் மேப்பிங்கில் இதை நீண்ட நாள் விட்டுவைத்தால், கோப்பு திறந்திருக்கும்போது இணைப்பு அறுந்து சேரும் தொல்லை வரலாம்.

## வழி 6: டிசிஜிபிஓஃபிக்ஸ்

டொமைன் தொடங்கும்போதே பிறக்கும் இரண்டு ஜிபிஓக்கள் உண்டு: டிஃபால்ட் டொமைன் பாலிசி, டிஃபால்ட் டொமைன் கன்ட்ரோலர்ஸ் பாலிசி. இந்த இரண்டையும் மட்டும் பிறந்த நிலைக்குக் கொண்டுபோகும் கருவி இது. நீங்கள் உருவாக்கிய மற்ற ஜிபிஓக்களைத் தொடாது. பலர் இதை ‘டொமைன் முழுவதற்கும் ரீசெட்’ என்று நினைத்து ஓட்டுகிறார்கள்.

ஒரு எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். உங்கள் அலுவலகத்தில் குறைந்தது 12 எழுத்து கடவுச்சொல், காலாவதி ஒரு வருடம் என்று டிஃபால்ட் டொமைன் பாலிசியில் வைத்திருக்கிறீர்கள். கருவியை ஓட்டுகிறீர்கள். குறைந்தபட்ச நீளம் 7 ஆகிறது. காலாவதி 42 நாள் ஆகிறது. தவறான முயற்சிக்குப் பூட்டும் எண்ணிக்கை 0, அதாவது எத்தனை முறை தப்பாகப் போட்டாலும் கணக்கு பூட்டாது. கடவுச்சொல் மாற்றி 42 நாளுக்கு மேலான எல்லோருக்கும், காலாவதி விலக்கு இல்லாத கணக்குகள் அனைத்துக்கும், மறுநாள் காலை லாகினில் ‘கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது’ என்று வரும். ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் உங்களை அழைப்பார்கள். கணினியில் உட்காராத கணக்குகள்தான் இன்னும் ஆபத்து: ஸ்கேனர் கோப்பு அனுப்பப் பயன்படுத்தும் கணக்கு போன்றவை சத்தமில்லாமல் நின்றுபோகும்.

டொமைன் கன்ட்ரோலர் பாலிசியில் எக்ஸ்சேஞ்ச் போன்ற மென்பொருள்கள் சேர்த்த உரிமைகளும் அழியும். கோப்புகளைக் குறியாக்கம் செய்யும் இஎஃப்எஸ் வசதியின் மீட்புச் சான்றிதழும் புதிதாக்கப்படும். அந்த இரண்டு ஜிபிஓக்களும் உண்மையிலேயே கெட்டுப்போய், பேக்கப்பும் இல்லாதபோது மட்டும் இதைத் தொடுங்கள். பேக்கப் இருந்தால் அதிலிருந்து மீட்பதே மேல். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இப்போதிருக்கும் அமைப்புகளின் அறிக்கையை முதலில் எடுத்து வைத்து, ஓட்டிய உடனே கடவுச்சொல் விதிகளைத் திரும்ப எழுதுங்கள்.

## வழி 7: டொமைனிலிருந்து விலக்கி மறுபடி சேர்ப்பது

பாலிசி சிக்கலுக்கு இது மருந்தல்ல. மறுபடி சேர்ந்ததும் அதே ஜிபிஓக்கள்தான் வரும். கணினிக்கும் டொமைனுக்கும் இடையே நம்பிக்கை உறவு அறுந்து, அதனால் பாலிசியே வராமல் இருந்தால் பயன்படும். அப்போதும் பவர்ஷெல்லில் செக்யூர் சேனலைச் சரிபார்த்துப் பழுதுபார்க்கும் கட்டளை முதலில் முயலத் தக்கது, விலகாமலே சரியாகிவிடும்.

விலக்கும் முன் லோக்கல் அட்மின் கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். டொமைனின் கணக்குப் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் அந்தக் கணினியின் கணக்கை எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள். வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை அங்கே சேமித்திருந்தால், அது அந்தக் கணக்குக்குக் கீழே தொங்கும் ஒரு பொருள், கணக்கோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

## வழி 8: விண்டோஸைப் புதிதாக நிறுவுவது

தடையை வைத்தது தீம்பொருள் என்று சந்தேகம் இருந்தால் இதைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். டாஸ்க் மேனேஜர் திறக்கவில்லை, டிஃபெண்டர் தானாக அணைந்திருக்கிறது, அட்மின் யாரும் அப்படி வைக்கவில்லை என்றால், பாலிசியை நீக்குவது காய்ச்சலுக்குத் துணி நனைத்துப் போடுவது போலத்தான். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். தயாரான இமேஜ் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு இது ஒரு மணி நேர வேலையாகக்கூட இருக்கலாம். இமேஜ் இல்லையென்றால் உரிமச் சாவிகள், பிரிண்டர் டிரைவர்கள், பயனரின் பழக்கங்கள் என்று ஒரு வாரம் இழுக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எதைத் தொடும் | எதை விட்டுவிடும் | திரும்பி வர |
|---|---|---|---|
| நாட் கான்ஃபிகர்டு | தேர்ந்த லோக்கல் அமைப்புகள் | பாதுகாப்பு அமைப்புகள், டொமைன் | எளிது |
| கோப்புறை அழிப்பு | லோக்கல் டெம்ப்ளேட்ஸ், ஸ்கிரிப்டுகள் | பாதுகாப்பு அமைப்புகள், டொமைன் | நகல் இருந்தால் எளிது |
| செக்எடிட் | லோக்கல் பாதுகாப்பு அமைப்புகள் | டெம்ப்ளேட்ஸ், டொமைன் | கடினம் |
| டொமைன் இணைப்பை எடுப்பது | அந்த ஜிபிஓ வந்த எல்லாக் கணினிகளும் | தழும்புகள், லோக்கல் | மிக எளிது |
| டிசிஜிபிஓஃபிக்ஸ் | இரண்டு டிஃபால்ட் ஜிபிஓக்கள் | மற்ற ஜிபிஓக்கள் | பேக்கப் இருந்தால் மட்டும் |
| புதிதாக நிறுவல் | கணினி முழுவதும் | டொமைனிலிருந்து வருபவை | இல்லை |

டொமைன் இல்லாமல் பத்துப் பதினைந்து கணினிகள் என்றால் எல்ஜிபிஓ பேக்கப் எடுத்துவிட்டு வழி 3. டொமைன் உண்டென்றால் வழி 5, அதிலும் இணைப்பைச் செயலிழக்கச் செய்வதிலிருந்து தொடங்குங்கள். செக்எடிட்டும் டிசிஜிபிஓஃபிக்ஸும் உங்கள் முதல் யோசனையாக இருந்தால், ஒரு நாள் தள்ளிப்போட்டு மறுபடி அறிக்கையைப் படியுங்கள்.

## எல்லாக் கணினிகளுக்கும் ஒரேயடியாக

ஒன்றில் சரியாகிவிட்டது என்றதும் அத்தனையிலும் தட்டிவிடத் தோன்றும். முதலில் மூன்று கணினிகள்: ஒன்று சாதாரணப் பயனருடையது, ஒன்று கணக்குப் பிரிவு போல விசேஷ மென்பொருள் ஓடுவது, ஒன்று வெளியே எடுத்துப்போகும் லேப்டாப். இரண்டு வேலைநாள் விட்டுப் பாருங்கள்.

பிறகு, மேலாண்மைத் திரையில் ஓயுவின் மேல் வலது கிளிக் செய்து குரூப் பாலிசி அப்டேட் கொடுக்கலாம். விண்டோஸ் சர்வர் 2012 காலத்திலிருந்து இந்த வசதி உண்டு. பவர்ஷெல்லில் இன்வோக்-ஜிபிஅப்டேட்டும் இதே வேலையைச் செய்யும். இது ஒவ்வொரு கணினியிலும் திட்டமிட்ட பணி ஒன்றை உருவாக்கி, 10 நிமிடத்துக்குள் ஏதோ ஒரு கணத்தில் புதுப்பிக்கும். லாகின் செய்திருப்பவர் திரையில் ஒரு கருப்புச் சாளரம் வந்து மறையும். முன்கூட்டி ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டால் யாரும் வைரஸ் என்று பதற மாட்டார்கள். ஃபயர்வாலில் ரிமோட் திட்டமிட்ட பணிகளுக்கும், தொலைவிலிருந்து கணினியை நிர்வகிக்க உதவும் டபிள்யூஎம்ஐக்கும் உரிய விதிகள் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கணினிகள் பிழை காட்டும். அதற்கென்றே ஒரு ஸ்டார்ட்டர் ஜிபிஓ (புது ஜிபிஓ உருவாக்க உதவும் மாதிரி) தயாராக வருகிறது.

லோக்கல் கோப்புறைகளை அழிக்கும் ஸ்கிரிப்டை டொமைன் வழியாகத் தொடக்கத்தில் ஓடவிடுபவர்கள், ஒருமுறை ஓடியதும் அடையாளக் கோப்பு ஒன்றை எழுதி, அது இருந்தால் மறுபடி ஓடாதபடி செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் யாரோ லோக்கலாக ஒன்றை வைப்பார், காலையில் அது காணாமல் போகும், காரணம் யாருக்கும் தெரியாது.

கடைசியாகச் சரிபார்க்கும் நேரம். மாற்றம் செய்த அரை மணி நேரத்தில் ‘சரியாகிவிட்டது’ என்று மூடிவிடாதீர்கள். டொமைன் பாலிசி மாறாதவரை பின்னணிப் புதுப்பிப்பு பல அமைப்புகளை மறுபடி எழுதாது. அதனால் ரெஜிஸ்ட்ரியில் கையால் அழித்தது பல நாள் அழிந்தே இருப்பது போலத் தெரியும். பிறகு அந்த ஜிபிஓவில் யாரோ சம்பந்தமில்லாத ஒன்றை மாற்றும்போது அதுவும் சேர்ந்து திரும்பி வந்துவிடும். பாதுகாப்பு அமைப்புகளோ மாற்றம் இல்லாவிட்டாலும் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி எழுதப்படும். செக்எடிட் ஓட்டிய அன்று மாலை நன்றாக இருந்தது மறுநாள் காலை பழையபடி ஆவது இதனால்தான். அதனால் மறுநாள் காலை, அந்த மூன்று கணினிகளிலும் ஃபோர்ஸோடு ஒருமுறை புதுப்பித்து, ஜிபிரிசல்ட் அறிக்கையை மறுபடி எடுத்து, முதல் நாள் எடுத்த அறிக்கையோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள். இரண்டு கோப்புகளையும் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அவைதான்.